ஞானதாஸ் சாரின் தேக்கு ஸ்கேல்

கடலுக்கு அரசாங்கம் விடும் விடுமுறை அறுபத்தொரு நாள். ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் நடுவில் முடியும். மீன் முட்டையிடும் காலம் என்று விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். சாந்தோமில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் மட்டும் அந்த விடுமுறை அறுபத்தைந்து நாள் நடந்தது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, அந்த வீட்டுக்காரர் ஞானதாஸ் தாமாகச் சேர்த்துக்கொண்டது.

அவர் மீன்வளத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். தடைக்காலச் சட்டம் முதன்முதலாக வந்தபோது அது நாற்பத்தைந்து நாள்தான். அந்த வருஷமே அவர் மனைவி மர்சலின் கேட்டுவிட்டாள்.

"சட்டம் பெரிய படகுக்குத்தானேங்க? குப்பத்து ஃபைபர் படகு போய்ட்டுதானே இருக்கு? அந்த மீனை வாங்கலாமே?"

"எந்தப் படகுல மாட்டினோம்னு மீனுக்குத் தெரியுமா?" என்றார் ஞானதாஸ்.

மர்சலின் தமிழாசிரியை. முப்பது வருஷம் பிள்ளைகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள். ஆனாலும் அன்றைக்கே முட்டை வாங்கப் போனாள். நாற்பத்தொன்பது நாள் முட்டைக் குழம்பு வைத்தாள். சட்டம் அறுபத்தொன்று ஆனதும் முட்டைக் குழம்பும் கூடவே நீண்டது.

போன ஆகஸ்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஞானதாஸ் போய்விட்டார். நான்காவது பொத்தான் வரை போட்டிருந்தார்.

குப்பத்தில் ஒருவர் இறந்தால் அன்றைக்கு யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். ஞானதாஸ் குப்பத்து ஆள் இல்லை, இலாகா ஆள். போகலாமா, கூடாதா என்று கடற்கரையிலேயே பஞ்சாயத்து கூடி, ரொம்ப நேரம் சத்தம் போட்டு, கடைசியில் அரைநாள் என்று முடிவு செய்தார்களாம். கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது பஞ்சாயத்துத் தலைவர் அம்மாசி இதை மர்சலினிடம் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்.

"முழுநாள் உட்டுருக்கணும் டீச்சரம்மா. ஆனா எங்க படகையே ரெண்டு தபா புட்ச்சி வெச்சவரு. அதுக்கு அரைநாள் கழிச்சிக்கினோம்."

அந்த அழுகைக்கு நடுவிலும் அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஞானதாஸ் விட்டுப்போன சாமான்களில் ஒன்று அந்த ஸ்கேல். இரண்டடி நீளம், தேக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மந்தைவெளியில் ஒரு தச்சரிடம் சொல்லிச் செய்தது. சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, ஐந்து கோட்டுக்கு ஒருமுறை கறுப்பு மையில் எண். லூப் ரோட்டு மீன் சந்தையில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நடந்து வந்தாலே கடைகளில் சலசலப்பு எழும். கூடையைத் தூக்கிக் காலுக்குக் கீழே தள்ளுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு யாரையும் பிடிக்க அதிகாரம் இல்லை. ஆனாலும் ஸ்கேல் இல்லாமல் மீன் வாங்க மாட்டார். மீனின் மூக்கை ஸ்கேலின் விளிம்பில் ஒட்டி வைத்து, வாலை நீவிவிட்டு, குனிந்து பார்ப்பார். எந்த மீன் எவ்வளவு நீளம் வளர்ந்திருந்தால் ஒருமுறையாவது முட்டையிட்டிருக்கும் என்று தம் கையாலேயே ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். சங்கராவுக்குப் பதினைந்து சென்டிமீட்டர். அதற்குக் குறைந்தால் வாங்க மாட்டார். திட்டவும் மாட்டார். "இது இன்னும் ஸ்கூலுக்கே போகல" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்பார்கள் மீன்காரப் பெண்கள்.

மர்சலினுக்குப் பிடித்தது சின்ன சங்கரா. முழுசாக மசாலா தடவி, தோசைக்கல்லில் போட்டு, முள்ளும் மொறுமொறுக்க வறுத்தது. ஞானதாஸ் எப்போதும் பட்டியல் அளவுக்கு மேல் நாலு விரல் பெரியதாகவே வாங்கி வருவார். "தப்பு நடந்துடக் கூடாது பாரு" என்பார். பெரிய மீனைத் துண்டு போட்டுத்தான் வறுக்க வேண்டும். துண்டு போட்ட சங்கராவை மர்சலின் மீனாகவே மதிப்பதில்லை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாள். பால்கனிக் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. கைக்குக் கிடைத்ததைச் செருகினாள். கிடைத்தது ஸ்கேல். கதவு இன்னும் ஒருமுறை அடித்ததில் அதன் நுனி நசுங்கிப் பிளந்துவிட்டது. பயந்துபோய் அன்றைக்கே மந்தைவெளிக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். பழைய தச்சரின் மகன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரெண்டு சென்டி போயிருக்கும்மா. அதே மரத்துல துண்டு ஒட்டித் தரவா, நேரா வெட்டிடவா?"

அவள் மனம் வேகமாக ஒரு கழித்தல் போட்டுப் பார்த்தது. முதல் இரண்டு கோடு போய்விட்டால், பதின்மூன்று சென்டிமீட்டர் மீனை வைத்தாலும் ஸ்கேல் பதினைந்து என்று சொல்லும். எண்கள் ஐந்தில்தான் தொடங்குகின்றன. ஒன்றும் இரண்டும் எழுதப்படவே இல்லை. இல்லாததைக் காணோம் என்று யார் தேடப் போகிறார்கள்?

"நேரா வெட்டிடுப்பா" என்றாள்.

அன்று மாலை ஞானதாஸ் ஸ்கேலோடு கிளம்பினார். மர்சலின் பால்கனியில் நின்று அவர் தலை தெருமுனையில் மறையும்வரை பார்த்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினார். முகத்தில் எப்போதும் இருக்கும் முகம்தான் இருந்தது. பையை நீட்டினார்.

"இன்னைக்குக் கொஞ்சம் சின்னதாத்தான் இருக்கு. பாத்தா எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஆனா ஸ்கேல் ஒத்துக்கிச்சு."

பைக்குள் ஏழு சங்கரா. தோசைக்கல்லில் வாலும் தலையும் ஒட்டாமல் அழகாகப் படுக்கிற அளவு. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முந்தானையை வாயில் வைத்து, மர்சலின் சத்தம் வராமல் சிரித்தாள்.

அன்றிலிருந்து, தடைக்காலம் போக, வாரம் இரண்டு முறை அந்த அளவு மீன்தான். அந்த வாரம் வீட்டில் வேறொரு கலவரமும் நடந்தது. கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த மகள் கரோல், தன் சிவப்பு நகப்பாலீஷ் புட்டியைக் காணவில்லை என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். ஞானதாஸே போய்ப் புதுப் புட்டி ஒன்று வாங்கி வந்து சமாதானம் செய்தார். மர்சலின் இதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அவள் மனசாட்சிக்கு வேறு வேலை இருந்தது.

தவக்காலம் வந்ததும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் மண்டியிட்டாள்.

"சாமி, என் வீட்டுக்காரரை ஏமாத்திக்கிட்டு இருக்கேன்."

தட்டிக்கு அந்தப் பக்கம் நாற்காலி முன்னால் நகர்ந்தது. பிறகு சாமியார் மெல்லக் கேட்டார்.

"எவ்வளவு நாளா?"

"ஆறு மாசமா சாமி. வாரத்துக்கு ரெண்டு தடவை."

"வீட்டிலேயா?"

"ஆமா சாமி. சமையல்கட்டுல."

சாமியார் இருமினார். மர்சலின் ஸ்கேல் கதையை முழுக்கச் சொன்னாள். பத்து 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொல்லி அனுப்பிவைத்தார். அவர் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. அடுத்த தவக்காலத்திலும் அதே பாவம், அதே பத்து. பங்குச் சாமியார்கள் மாற்றலாகிப் போகப் போக ஒவ்வொருவரிடமும் ஆதியிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் அதே இடத்தில் இருமினார்கள்.

இப்படி இருக்கும்போதுதான், இந்த ஜூன் மாதம், தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கையில், அம்மாசியும் தேசம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். தேசம்மா லூப் ரோட்டுச் சந்தையில் ஞானதாஸுக்கு வாடிக்கையாக மீன் கொடுத்தவள். படி ஏறி வந்ததில் மூச்சு வாங்க, ஞானதாஸ் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். மர்சலின் நாற்காலி காட்டியும் கேட்கவில்லை.

"பஞ்சாயத்துல தீர்மானம் போட்டுக்கினோம் டீச்சரம்மா" என்றார் அம்மாசி. "குஞ்சு மீனு இனிமே நம்ம சந்தைல விக்கக் கூடாது. வித்தா பத்து நாளு கடை போடக் கூடாது. பெரிய படகுக்காரன் மடிவலைல குஞ்சுங்கள வாரிக்கினு போறான்னு நாம கத்தறோம், நம்ம ஆளுங்களும் அதத்தான செய்யறானுங்க? வர்ற மீனு வருசத்துக்கு வருசம் இம்மாத்துண்டு ஆயிக்கினே வருது."

"ரொம்ப நல்ல விஷயம். அவர் இருந்திருந்தா..."

"அதுக்குத்தான் வந்தோம். அளக்கணும் இல்ல? ஆளாளுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் வாங்கியாந்து, ஒன்னுக்கொன்னு சேரல. எவன் ஸ்கேலு கரெக்டுன்னு நேத்து கைகலப்பே ஆயிடுச்சி. அப்பறம் ஒரே பேச்சா சொல்லிட்டாங்க. ஐயா ஸ்கேலுன்னா நாங்க ஒத்துக்கறோம்னு."

மர்சலின் திரும்பிச் சுவரில் ஆணியில் தொங்கிய ஸ்கேலைப் பார்த்தாள்.

"அந்த ஸ்கேல் ரொம்பப் பழசாச்சே அம்மாசி. நுனியெல்லாம் தேஞ்சிருக்கும்."

"அய்யே, தேஞ்சா இன்னா? ஐயாவோட ஸ்கேலு" என்றாள் தேசம்மா. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். வெகுநேரம் துடைத்தாள். மர்சலின் அதைக் கவனித்திருக்கலாம். அவளுக்கு அப்போது ஸ்கேலைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

"ஞாயித்துக்கெழமை சாய்ந்தரம் வலைக்கூடத்துல கூட்டம். இலாகாலருந்து புது ஆபீசரும் வர்றாரு, குருபிரசாத்துன்னு. எஃகு டேப்பு வெச்சினு இருப்பாரு. அவரு முன்னாடியே ஐயா ஸ்கேல வெச்சிப் பாத்து, அத்த மாதிரியே பன்னெண்டு ஸ்கேலு செய்யறோம். நீங்கதான் கொண்டாந்து குடுக்கணும்."

அவர்கள் போன பிறகு மர்சலின் ஸ்கேலை ஆணியிலிருந்து இறக்கினாள். விளிம்பில் ஆங்காங்கே சிவப்புக் கறைகள். மீன் ரத்தம். எத்தனையோ முறை எலுமிச்சம்பழத் தோல் போட்டுத் தேய்த்திருக்கிறாள், போகவில்லை. இப்போதும் ஈரத்துணியால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வாயை மூடிக்கொண்டு கொடுத்தால், வெட்டுப்பட்ட ஸ்கேலைப் பார்த்துப் பன்னிரண்டு ஸ்கேல் செய்வார்கள். பதின்மூன்று சென்டிமீட்டர் குஞ்செல்லாம் பதினைந்து என்று பேர் வாங்கிக் கூடைக்குள் போகும். அவர் ஆயுள் முழுக்க எதற்காக வெயிலில் நின்றாரோ அது, அவர் பேரிலேயே பாழாகும். உண்மையைச் சொன்னால், இருபத்திரண்டு வருஷம் தப்பான ஸ்கேலை வைத்துக்கொண்டு சந்தையையே மிரட்டியவர் என்று குப்பமே சிரிக்கும். பார்வை சரியில்லாத ஆய்வாளர். சொல்லாமல் விட்டாலும் அந்த எஃகு டேப் சொல்லிவிடும். எப்படிப் பார்த்தாலும் கெடப் போவது அவர் பேர்தான். வெட்டியது அவள் கை.

சொல்லி அழ ஒரு ஆள் வேண்டியிருந்தது. இரண்டாம் மாடியில் கோமளம் மாமி இருந்தாள். மயிலாப்பூரில் பிறந்து, மயிலாப்பூரில் வாழ்க்கைப்பட்டு, வாழ்க்கையில் சாந்தோம் வரை நகர்ந்து வந்தவள். மீன் என்றால் காத தூரம். மீன் சம்பந்தப்பட்ட விஷயத்தில் பாரபட்சம் இல்லாத ஆள் அந்தக் கட்டிடத்திலேயே அவள் ஒருத்திதான்.

கோமளம் முழுவதையும் கேட்டாள். காபி டம்ளரை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்போ இத்தனை வருஷமா ஆத்துக்காரரை ஏமாத்திண்டு இருந்தேள்?"

"ஆமா மாமி."

"நேக்குப் பொறாமையா இருக்கு டீச்சர். எங்காத்துல பால்காரன் கணக்கைக்கூட அவரை ஏமாத்த முடியல."

"விளையாடாதீங்க மாமி. நான் என்ன பண்ணட்டும்?"

கோமளம் டம்ளரைக் கீழே வைத்தாள். "அந்த டேப்பு பேசறதுக்கு முன்னாடி நீங்க பேசிடுங்கோ. அவர் தப்பா அளந்தார்னு ஊர் சொல்றதைவிட, நீங்க வெட்டினேள்னு ஊர் சொன்னா தேவலை. அவர் பேரும் நிக்கும். உங்க பேர் போனா என்ன, நீங்க உசிரோட இருந்து சம்பாதிச்சுக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மர்சலின் ஸ்கேலை ஒரு பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு குப்பத்து வலைக்கூடத்துக்குப் போனாள். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, ஒரு மூலையில் குவிந்த நீல வலை. அறுபது எழுபது பேர் இருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கரைக்கு வந்த மீன அளந்து இன்னாய்யா பிரயோஜனம்?" என்று ஒரு குரல் கத்தியது. "செத்த மீனு திரும்ப நீந்திப் போவப் போவுதா? வலைக் கண்ணிய அளங்கய்யா! கண்ணி பெருசா இருந்தா குஞ்சு தன்னால ஓடிடும்!"

"விக்க முடியாதுன்னு தெரிஞ்சா நீ ஏன்டா சின்னக் கண்ணி வலைய தூக்கினு போவப் போற?" என்று தேசம்மா பெண்கள் பக்கத்திலிருந்து பதில் கொடுத்தாள். "வலை உன் வூட்ல பூட்டிக்கினு கீது. மீனு என் கூடைலதான கீது? கண்ணுக்குத் தெரியற எடத்துல அளக்கணும்."

"வாலு சேத்தா, சேக்காமயா? அத்த மொதல்ல சொல்லுங்க."

"வாலு சேக்காம எப்பிடிய்யா? உன்ன அளந்தா கால உட்டுட்டா அளப்பாங்க?"

"வாலு நடுவுல கவட்டை மாதிரி கீதே, அங்க வரைக்கும்தான்!"

"நைனா, நீ முடி வெட்டிக்கினா குள்ளமாயிடுவியா?"

கூடமே சிரித்தது. முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த இளம் அதிகாரி குருபிரசாத், வாலுக்கு இலாகாவில் என்ன சொல்கிறார்கள் என்று விளக்கப் போய், இரண்டு முறை வாயைத் திறந்து, இரண்டு முறையும் மூடிக்கொண்டார். அம்மாசி கைதட்டி அமைதிப்படுத்தினார்.

"டீச்சரம்மா வந்துட்டாங்க. எல்லாரும் வாய மூடுங்க. ஐயா ஸ்கேலு."

மர்சலின் துண்டைப் பிரித்தாள். கூட்டம் உண்மையிலேயே வாயை மூடியது. பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். அந்த ஸ்கேலால் பிழைப்பில் மண் விழுந்தவர்களே அவர்கள் எல்லோரும். ஆனாலும் எழுந்து நின்றார்கள்.

குருபிரசாத் எழுந்து, சட்டைப் பையிலிருந்து எஃகு டேப்பை எடுத்து, சர்ரென்று இழுத்தார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் மர்சலின். வகுப்பறைக் குரல் தானாக வந்தது. அவர் நாக்கு நீட்டிய டேப்போடு அப்படியே நின்றார்.

"இந்த ஸ்கேல் சரியில்லை. ரெண்டு சென்டிமீட்டர் குறைச்சல். பதின்மூணு வெச்சா பதினஞ்சுன்னு காட்டும். இருபத்திரண்டு வருஷமா இப்படித்தான் இருக்கு. ஆனா இது அவர் தப்பில்ல. நான் வெட்டினேன். அவருக்குத் தெரியாம வெட்டினேன். எனக்குச் சின்ன சங்கரா பிடிக்கும், அதுக்காக. அவர் என்னை நம்பினாரு. அவர் பேரை யாரும் எதுவும் சொல்லாதீங்க. சொல்றதுன்னா என்னைச் சொல்லுங்க."

சொல்லி முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பெண்கள் பக்கத்தில் யாரோ 'க்ளுக்' என்றார்கள். இன்னொருத்தி. பிறகு தேசம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சிரிப்பு பெண்கள் பக்கம் முழுக்கப் பரவி ஆண்கள் பக்கமும் தொற்றிக்கொண்டது. அம்மாசியே திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"டீச்சரம்மா" என்றாள் தேசம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்து. "அது எங்களுக்குத் தெரியாதா?"

மர்சலினுக்குப் புரியவில்லை.

"நீங்க வெட்டுன அன்னைக்கே தெரியும். ஐயா வந்தாரு, என் கூடைலருந்து ஒரு சங்கராவ எடுத்து வெச்சாரு, குனிஞ்சாரு. நிமிந்தாரு. திரும்ப குனிஞ்சாரு. அப்பால பையிலருந்து டேப்ப எடுத்து அளந்தாரு. அளந்துட்டு, அங்கயே, என் பக்கத்துல ஐஸ்பெட்டி மேல உக்காந்துக்கினு சிரிச்சாரு பாருங்க, எனுக்கு பயமா பூட்ச்சி. மறுநாளு செவப்பு நகப்பாலீஷ எடுத்துக்கினு வந்தாரு."

அவள் ஸ்கேலை வாங்கி விளிம்பைத் திருப்பிக் காட்டினாள். மர்சலின் ரத்தக்கறை என்று எலுமிச்சை போட்டுத் தேய்த்த புள்ளிகள்.

"இங்க ஒத்தப் புள்ளி, சங்கரா. ரெட்டைப் புள்ளி, வவ்வாலு. மூணு புள்ளி, வஞ்சிரம். டேப்ப வெச்சி அளந்து வெச்ச புள்ளி. 'நம்பர பாக்காத தேசம்மா, நம்பரு பொய் சொல்லும். புள்ளியப் பாரு'ன்னாரு. அன்னைலருந்து யாரும் நம்பர பாத்ததே இல்ல. எங்கள்ல பாதிப் பேருக்கு நம்பரு படிக்கவும் வராது, புள்ளிதான் சௌகரியமா இருந்துச்சி."

குருபிரசாத் குனிந்து டேப்பை வெட்டுப்பட்ட விளிம்பில் வைத்து ஒற்றைப் புள்ளிவரை இழுத்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"பதினஞ்சு" என்றார். மறுபடி பார்த்துவிட்டு, "கரெக்டா பதினஞ்சு" என்றார்.

"அப்போ..." மர்சலின் அந்தப் புள்ளியை விரலால் தொட்டாள். "அப்போ அந்தச் சின்ன மீனு?"

"எது சின்ன மீனு? அதெல்லாம் பதினஞ்சுதான். முன்னாடிலாம் பெருசா பாத்து வாங்கினு போவாரு இல்ல? அதுக்கப்பறம் புள்ளில நின்னா போதும்னு எடுப்பாரு. ஒரு நூலு கூடக் கூடாது, ஒரு நூலு கொறையக் கூடாது. ஏழு மீனுக்காவ என் கூடை, அவ கூடை, எல்லாத்தையும் கொட்டிக் கவுத்துருவாரு. ஒரு மணி நேரம் ஆவும். 'ஏன் சார் இப்பிடி உசுர வாங்கற'ன்னா, 'வீட்ல சின்ன மீனு துன்றதா நெனச்சிக்கினு சந்தோசமா கீறாங்க தேசம்மா, கெடுத்துராத'ம்பாரு. சொல்லக் கூடாதுன்னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கினாரு."

"இருபத்திரண்டு வருஷமா?" என்று கேட்டாள் மர்சலின்.

"குப்பத்துல இன்னும் வெளிய போவாத ரகசியம் இது ஒண்ணுதான் டீச்சரம்மா" என்றார் அம்மாசி.

அவள் வலைக் குவியலின் மேல் உட்கார்ந்தாள். ஒவ்வொரு முறையும் பையை நீட்டும்போது அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. *இன்னைக்குக் கொஞ்சம் சின்னதாத்தான் இருக்கு. ஸ்கேல் ஒத்துக்கிச்சு.* எவ்வளவு அப்பாவியாகச் சொல்வார். அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தபோதெல்லாம், வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. செய்தித்தாள் எப்போதும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும். மின்விசிறி என்று நினைத்திருந்தாள்.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எது எது என்று பிரிக்க அவளுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அதற்குள் கூட்டம் அடுத்த சண்டைக்குப் போயிருந்தது. பன்னிரண்டு ஸ்கேலிலும் எண் போடுவதா, புள்ளி மட்டும் போதுமா? புள்ளி மட்டும் போதும் என்று முடிவாயிற்று. அப்படியானால் இரண்டு சென்டிமீட்டர் சேர்த்து முழு நீளமாகச் செய்யலாமே என்றார் குருபிரசாத். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே குரலாக எதிர்ப்பு வந்தது.

"வெட்டுன மாதிரியேதான் செய்யணும் சார். அதான் ஐயா ஸ்கேலு."

கூட்டம் கலைந்து வெளியே வந்தபோது தேசம்மா ஒரு பொட்டலத்தை நீட்டினாள். மத்தியானம் ஃபைபர் படகில் வந்த சங்கரா. கைக்கு அடக்கமாக, பளபளவென்று, நான்கு.

"புடிங்க. இது நெசமாவே குஞ்சு. பன்னெண்டு பதிமூணுதான் இருக்கும். தீர்மானம் நாளைலருந்துதான் டீச்சரம்மா. ஒரு நாளாச்சும் நெசமான பொடி மீனத் துன்னு பாருங்க. இன்னைக்கு யாரும் கேக்க மாட்டாங்க."

மர்சலின் பொட்டலத்தை வாங்கவில்லை. ஸ்கேலை வாங்கினாள். ஒரு மீனை எடுத்து, மூக்கை வெட்டுப்பட்ட விளிம்பில் ஒட்டி வைத்து, வாலை நீவிவிட்டு, குனிந்து பார்த்தாள். சிவப்புப் புள்ளிக்கு அது எட்டவே இல்லை.

"இது இன்னும் ஸ்கூலுக்கே போகல" என்றாள். "புள்ளில நிக்கறதா நாலு குடு."

"போச்சுடா" என்று தலையில் அடித்துக்கொண்டு தேசம்மா வாசலோரம் வைத்திருந்த கூடையைக் கொட்டிக் கவிழ்த்தாள். நான்கு மீன் சேர அரைமணி நேரம் ஆயிற்று.

ஸ்கேலை அம்மாசியிடம் கொடுத்துவிட்டு, மீனை மட்டும் எடுத்துக்கொண்டு மர்சலின் வீட்டுக்கு வந்தாள். அரசாங்கத் தடை அன்றோடு முடிந்தது, ஞானதாஸ் கணக்குப்படி இன்னும் இரண்டு நாள் பாக்கி. படத்தைப் பார்த்து, "ஒரு நாளைக்கு விட்டுக்குடுங்க, நீங்களும் ஒண்ணும் யோக்கியம் இல்ல" என்றாள்.

கல் காய்ந்து, மசாலா வாசனை படிக்கட்டில் இறங்கியதும் கோமளம் மாமி மேலே வந்தாள். வாசலுக்கு வெளியிலேயே நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, என்ன ஆச்சு என்று கேட்டாள். மர்சலின் அடுப்பைவிட்டு நகராமல் முழுக்கச் சொன்னாள். கோமளம் சிரித்ததில் முந்தானை நழுவிற்று. மறுபடி பொத்திக்கொள்ள மறந்துவிட்டாள்.

"அப்போ நீங்க திருட்டுத்தனமா சாப்பிட்டதெல்லாம் சட்டப்படி சாப்பிட்டதா?"

"ஒரு நூல் கூடக் குறையல மாமி."

"வருஷா வருஷம் போய்ப் பாதிரியார்கிட்ட சொல்லிப் பத்துப் பத்தா ஜபம் பண்ணிண்டு வந்தேளே, அது? செய்யாத பாவத்துக்கு! அத்தனையும் திருப்பிக் கேளுங்கோ டீச்சர்."

மர்சலின் மீனை மெல்லத் திருப்பிப் போட்டாள். வாலும் தலையும் கல்லுக்குள் அழகாக அடங்கியிருந்தன.

"வேணாம் மாமி. வெட்டினது வெட்டினதுதானே" என்றாள். "அந்த ரெண்டு சென்டிமீட்டருக்கு இருக்கட்டும்."